முப்பத்திரண்டு ஓட்டைக் குடம்

என் கடையில 'இல்லை'ங்கிற வார்த்தையே கிடையாது. பாத்திரக் கடை வெச்சு பத்தொன்பது வருஷம் ஆகுது. யார் வந்து எதைக் கேட்டாலும் "இருக்கு, உக்காருங்க"ன்னுதான் சொல்லியிருக்கேன். டப்பாவைத் தொலைச்சுட்டு மூடியோட வந்தவங்களையும் மூடியைத் தொலைச்சுட்டு டப்பாவோட வந்தவங்களையும் ஒரே நாள்ல சமாளிச்சு அனுப்பினவன் நான். அந்த வீம்பு என்னை எப்படி அசடு வழிய வெச்சுதுன்னு முதல்ல சொல்லிடறேன். ஆனா கதை என்னைப் பத்தி இல்லை, என் அக்கா புருஷனைப் பத்தி.

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில, ஷட்டரைத் தூக்கிட்டு சாவியைக்கூட இன்னும் பையில போடலை, அக்கா போன் பண்ணினா.

"டேய், உன்கிட்ட குடம் இருக்கா?"

கேக்குறா பாருங்க கேள்வி, பாத்திரக் கடைக்காரன்கிட்ட.

"எவர்சில்வரா, பித்தளையா, பிளாஸ்டிக்கா?"

"அது எழுதலை. நல்ல உறுதியா இருக்கணுமாம். எவ்வளவு அடி பட்டாலும் உடையக் கூடாதாம்."

"அப்படி அடிபடற இடத்துல யாருக்கா தண்ணி எடுக்கப் போறா?"

"எனக்கென்னடா தெரியும்? உங்க அத்தான் சீட்டு எழுதி மேசையில வெச்சுட்டு வேலைக்குப் போயிட்டாரு. படிக்கிறேன் கேளு. 'குடம் வாங்க வேண்டும். பின்பக்கம். நூற்றைம்பத்தேழு மில்லிமீட்டர். முப்பத்திரண்டு ஓட்டை.'"

"ஓட்டைக் குடமா?"

"முப்பத்திரண்டு. எண்ணாலயும் எழுதி, எழுத்தாலயும் எழுதியிருக்காரு."

அப்பவே நான் 'இல்லை'ன்னு சொல்லியிருக்கணும். நாக்கு வரலை. "இருக்கு, சாயங்காலம் கொண்டு வரேன்"னுட்டேன். நூத்தைம்பத்தேழு மில்லிமீட்டர்னா ஒரு சாண்கூடக் கிடையாது. அடுக்குல தேடி, கையடக்கமா ஒரு பித்தளைக் குடத்தை எடுத்துக்கிட்டு எதிர்க்க இருக்கிற வெல்டிங்காரர்கிட்ட போய், "இதுல முப்பத்திரண்டு ஓட்டை போட்டுக் குடுங்க"ன்னேன். அவர் என்னை ஏற இறங்கப் பாத்துட்டு, "நல்லாத்தானே இருந்துச்சு?"ன்னார். அவர் கேட்டது குடத்தைப் பத்தியா என்னைப் பத்தியான்னு இன்னிக்கு வரைக்கும் விளங்கலை. செடிக்குத் தண்ணி விடறதுக்கா இருக்கும்னு நானே ஒரு காரணத்தைக் கண்டுபிடிச்சுக்கிட்டேன். 'பின்பக்கம்'னு இருக்கே, அதனால ஓட்டை எல்லாத்தையும் ஒரே பக்கமா போடச் சொன்னேன். என் புத்திசாலித்தனத்துக்குக் குறைச்சலே இல்லை.

சாயங்காலம் அத்தான் அந்தக் குடத்தைக் கையில வாங்கி, விரலால தட்டிப் பாத்தார். அப்புறம் கண்ணாடியை மாட்டிக்கிட்டு ஓட்டையை எண்ண ஆரம்பிச்சார். முழுசா எண்ணி முடிச்சுட்டுத்தான் நிமிர்ந்தார்.

"மாப்ளே, முப்பத்தொண்ணுதான் இருக்கு."

அதுக்கப்புறம்தான் விஷயமே வெளிய வந்துச்சு. குடம்னா சைக்கிள் சக்கரத்தோட நடுப்பாகமாம். கடையில எல்லாரும் ஹப்னுதான் சொல்வாங்க, ஆனா தமிழ்ல அதுக்குக் குடம்னுதான் பேராம். அதோட விளிம்புல முப்பத்திரண்டு ஓட்டை இருக்கும், ஓட்டைக்கு ஒரு கம்பியா மாட்டி இழுத்துக் கட்டினா சக்கரம். அந்தச் சீட்டு, மறந்துடக் கூடாதுன்னு அவர் தனக்கே எழுதி வெச்சுக்கிட்டது. அக்கா விழுந்து விழுந்து சிரிச்சா. நான் எதுக்குச் சிரிக்கணும்? என் பித்தளை போச்சே. அக்கா அந்தக் குடத்தைத் தொடைச்சு, ஹால் அலமாரியில நடுத் தட்டுல வெச்சா. "என்னிக்காவது கோப்பை ஜெயிச்சுட்டு வாங்க, அன்னிக்கு இதை எடுத்துட்டு அதை வெக்கிறேன்"னு சொன்னா.

இப்ப அத்தானைப் பத்திச் சொல்றேன். அவருக்கு லிஃப்ட் மெக்கானிக் வேலை. ஊர்ல பாதிப் பேருக்கு அவர் பேர் தெரியாது, 'சோதனை'ன்னாதான் தெரியும். எதையும் சோதிச்சுப் பாக்காம தொடமாட்டார். யார் வீட்டுக்குப் போனாலும் நாற்காலியை முதல்ல ஒரு தட்டு தட்டுவார், அப்புறம் முதுகைப் பிடிச்சு ரெண்டு ஆட்டு ஆட்டுவார், அதுக்கப்புறம்தான் உக்காருவார். என் கடைக்கு வந்தா அண்டா அடுக்கியிருக்கிற பக்கமே நிக்க மாட்டார். கேஸ் அடுப்பை மூடிட்டு மூணு தடவை திருகிப் பாப்பார், படியிறங்கிப் போனவர் நாலாவது தடவைக்குத் திரும்பி வருவார். எங்கக்காவுக்கு வந்த சோதனைன்னு நான் சொல்றது பேருக்காக இல்லை.

அவரைச் சொல்லியும் குத்தமில்லை. ஒரு இரும்புக் கயிறுல ஒரு நூல் பிரிஞ்சிருந்தாலும் கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டுத் தேடிப் பிடிக்கிற வேலை அது. இருபத்தாறு வருஷமா அவர் பாத்த லிஃப்ட் எதுலயும் யாருக்கும் ஒரு சிராய்ப்புகூட ஆனதில்லை.

அக்காவைப் பிடிச்சதும் லிஃப்ட்லதான். அக்கா காது ஆஸ்பத்திரியில வேலை பாக்குறா. கண்ணாடி அறையில ஆளை உக்கார வெச்சு, காதுல ஹெட்போனை மாட்டி, வெளிய இருந்து சத்தம் அனுப்புவா. சத்தம் கேக்குற வரைக்கும் கையைத் தூக்கி வெச்சிருக்கணும், நின்னதும் இறக்கிடணும். நாள் முழுக்க அவளுக்கு அதுதான் வேலை. ஒரு நாள் அந்த ஆஸ்பத்திரி லிஃப்ட் மூணாவது மாடிக்கும் நாலாவது மாடிக்கும் நடுவுல நின்னுபோச்சு. உள்ள அக்கா தனியா, விளக்கும் போயிடுச்சு. அத்தான் வந்து கதவைத் தட்டி, "கேக்குதாம்மா? கேட்டா திருப்பித் தட்டுங்க"ன்னார். அவ தட்டினா. ஆளை வெளிய எடுக்க நாப்பது நிமிஷம் ஆச்சு. அந்த நாப்பது நிமிஷமும், ஒரு கையால வேலை பாத்துக்கிட்டு இன்னொரு கையால கதவைத் தட்டிக்கிட்டே இருந்தாராம். வெளிய வந்ததும் அக்கா, "ஏன் விடாம தட்டினீங்க?"ன்னு கேட்டா. "நிறுத்தினா நான் போயிட்டேன்னு நினைச்சுப் பயந்துடுவீங்களே"ன்னார். அக்கா ரெண்டே வாரத்துல முடிவு பண்ணிட்டா. அத்தான் ரெண்டு வருஷம் எல்லாத்தையும் சோதிச்சுப் பாத்துட்டுத்தான் சரின்னார்.

இப்படிப்பட்ட மனுசன் நாப்பத்திநாலு வயசுல மலையில இருந்து சைக்கிள்ல குதிக்க ஆரம்பிச்சார்னு சொன்னா நீங்க நம்ப மாட்டீங்க. நானும் நம்பலை.

நகரத்துக்கு வெளிய ஒரு மலை இருக்கு. சைக்கிளையும் ஆளையும் மேல ஏத்திவிடற ரோப் கார் ஒண்ணு அங்க ஓடுது. மேல போறவங்க காட்டுக்குள்ள கல்லு, வேர், பள்ளம்னு ஒரு பாதையில தலைதெறிக்க இறங்கி வருவாங்க. அந்த ரோப் காரைப் பராமரிக்கிற வேலை அத்தானுக்கு வந்துச்சு. கையில மாவுக்கட்டு போட்ட ஒரு பொண்ணு அவரைப் பாத்து, "மூணு வருஷமா எங்களை ஏத்தி விடறீங்களே சார், ஒரு தடவையாவது எங்ககூட இறங்கிப் பாத்திருக்கீங்களா?"ன்னு கேட்டுடுச்சு. கட்டு போட்ட கையோட வந்து கேக்குதேன்னு அவருக்கு ரோஷம் வந்துடுச்சு. சைக்கிளை ஒரு மணி நேரம் தட்டிப் பாத்துட்டு, இறங்கிட்டார்.

அன்னிக்குச் சாயங்காலம் நேரா எங்க வீட்டுக்கு வந்தார். முகமெல்லாம் சேறு, வாயெல்லாம் பல்லு. வந்த வேகத்துல நாற்காலியைத் தட்டாம கொள்ளாம தொப்புன்னு உக்காந்தார். அதுவும் எந்த நாற்காலியில? கால் விரிசல் விட்டு, ஓரமா தூக்கி வெச்சிருந்த நாற்காலியில. கீழ விழுந்தவர், விழுந்த இடத்துலயே கிடந்து சிரிச்சார். அக்காவும் அன்னிக்கு எங்க வீட்டுலதான் இருந்தா. இருபது வருஷத்துல அவர் தட்டாம உக்காந்து அவ பாத்ததே இல்லை.

அதுக்கப்புறம் மாசம் ரெண்டு ஞாயிறு மலைதான். ஆனா சக்கரம் அவருக்கு ஒத்துழைக்கலை. முதல் வருஷம் குடத்துக்குள்ள பேரிங் சேறு புகுந்து இறுகிப்போச்சு. அது சும்மா செலவோட போச்சு. அடுத்து, உள்ள இருக்கிற கொக்கி நழுவிடுச்சு. குடத்துக்குள்ள பூனை நகம் மாதிரி சின்னச் சின்னக் கொக்கி இருக்கும், மிதிக்கும்போது அதுதான் பல்லைக் கவ்விப் பிடிச்சுச் சக்கரத்தைத் தள்ளும். அது நழுவினதுல பெடல் சும்மா சுத்த, அத்தான் முகம் ஹேண்டில்பார்ல மோத, முன்பல்லு ரெண்டு அவுட். மூணாவது தடவை, கம்பி மாட்டியிருக்கிற விளிம்பே பிய்ஞ்சுபோய் சக்கரம் அப்பளமா மடங்கிடுச்சு. காறை எலும்பு முறிஞ்சு ஆறு வாரம் கையைத் தொட்டில்ல போட்டுக்கிட்டுத் திரிஞ்சார்.

அன்னிக்கு ஆஸ்பத்திரியிலயே அக்கா சொல்லிட்டா. "இங்க பாருங்க. இன்னொரு தடவை உங்க சக்கரம் உங்களைத் தள்ளிச்சுன்னா, அந்தச் சைக்கிளை நானே இந்தக் கையால உருட்டிட்டுப் போய் இரும்புக் கடையில போட்டுட்டு வருவேன். சத்தியம்."

அக்கா சத்தியத்தோட விளையாட முடியாது. சாப்பிடும்போது போன் பாக்காதடான்னு மூணு தடவை சொல்லிட்டு, நாலாவது தடவை என் போனை மீன் தொட்டியில போட்டவ அவ.

அதனால இந்தக் குடம் கடைசிக் குடம். இதுவும் உடைஞ்சா சைக்கிளும் போச்சு, மலையும் போச்சு. அத்தான் ஒரு நோட்டு வாங்கினார். என் ஓட்டைக் குடம் அந்த வீட்டுக்கு வந்த வாரத்துல ஆரம்பிச்சது, ஏழு மாசம் ஓடுச்சு. பேரிங் பெருசா சிறுசா, சேறு புகாம மூடி இருக்கா, விளிம்பு தடிப்பு எத்தனை, நடுக்கம்பி எவ்வளவு கனம், உள்பல்லு இரும்பா அலுமினியமா, பாகம் தேஞ்சா மாத்துறதுக்குக் கிடைக்குமா, நம்ம கையாலயே கழட்ட முடியுமான்னு கட்டம் கட்டமா கோடு போட்டு மதிப்பெண் போட்டார். யாரெல்லாம் எங்கெங்க விழுந்தாங்கன்னு போன் போட்டு விசாரிச்சார். விழுந்தவங்களுக்கே மறந்துபோன விழுகையெல்லாம் அந்த நோட்டுல இருந்துச்சு. சைக்கிள் பின்சக்கரம் இல்லாம ஹால் சுவத்துல சாஞ்சு நின்னுச்சு. அஞ்சு குடம்னு சுருக்கினார். அஞ்சு நாலாகவே இல்லை.

போகட்டும்னா, மலைக்குப் போகாத மனுசன் வீட்டை மலையாக்கிட்டார். கதவுக் கீலுக்கெல்லாம் கிரீஸ் போட்டார். மாடிப்படிக்கு நம்பர் எழுதி, எது வழுக்கும்னு சிவப்புக் கோடு போட்டார். அக்கா செருப்பைத் திருப்பித் தேய்மானம் பாத்து, "இன்னும் ரெண்டு மாசம்தான் தாங்கும்"னு சொன்னார். அக்கா எனக்குப் போன் பண்ணினா.

"டேய், இந்த மனுசனை யாராவது மலையில இருந்து உருட்டி விடுங்கடா. இல்லைன்னா நானே உருட்டி விட்டுடுவேன்."

"நீதானேக்கா சத்தியம் பண்ணினே?"

அக்கா குரல் இறங்கிடுச்சு. "அங்க போயிட்டு வந்தா மூணு நாள் நல்லா இருக்காருடா. தட்டாம உக்காருறாரு. பல்லைக் கடிக்காம தூங்குறாரு. போனா எலும்பு உடைஞ்சு வருவாரோன்னு பயம். போகாம இப்படியே இருந்துடுவாரோன்னு அதைவிடப் பயமா இருக்குடா. நான் என்ன பண்ணட்டும், சொல்லு?"

நான் என்னத்தச் சொல்ல? 'இருக்கு, உக்காருங்க'ன்னா சொல்ல முடியும்?

அடுத்த சனிக்கிழமை அக்காவே அவரைக் கையைப் பிடிச்சு இழுத்துக்கிட்டு சைக்கிள் கடைக்குப் போனா. துணைக்கு நானும் போனேன். சக்கரம் கட்டறதுல பேர் போனவர் அந்தக் கடைக்காரர். கம்பியை மீட்டினா பதில் சொல்வார், மனுசங்க கேட்டா யோசிப்பார். அத்தான் சொன்ன அஞ்சு குடத்தையும் எடுத்துக் கண்ணாடி மேசையில வரிசையா வெச்சார்.

"உடையாத குடம் எது இதுல?"ன்னு அக்கா நேரடியா கேட்டா.

"உடையாத குடம்னு ஒண்ணும் கிடையாதும்மா. சீக்கிரம் உடையறது, மெதுவா உடையறது. அவ்வளவுதான்."

அத்தான் நோட்டைப் பிரிச்சார். அக்கா நோட்டை மூடினா.

"எல்லாத்தையும் சுத்திக் காட்டுங்க."

கடைக்காரர் ஒவ்வொண்ணா நடுக்கம்பியைப் பிடிச்சுக்கிட்டுச் சுத்தினார். முதல் நாலும் நல்ல பிள்ளைங்க, 'ட்ர்ர்'னு மெல்லிசா முனகிட்டு அடங்கிடுச்சு. அஞ்சாவது இருக்கே, வெறும் மிக்ஸியில நிலக்கடலையை அள்ளிப் போட்ட மாதிரி 'கரகரகரகர'ன்னு கடையே அதிருச்சு. உள்ள தூங்கிக்கிட்டிருந்த பூனை எந்திரிச்சு ஓடிப்போச்சு.

"இதை இன்னொரு தடவை சுத்துங்க"ன்னு சொல்லிட்டு அக்கா கடையை விட்டு இறங்கித் தெருவுல நடக்க ஆரம்பிச்சா. கடைக்காரர் சுத்தினார். அக்கா எங்களுக்கு முதுகைக் காட்டிக்கிட்டு, வலது கையைத் தூக்கினபடி நடந்து போறா. தையல் கடை தாண்டியாச்சு, கை இறங்கலை. மருந்துக் கடை தாண்டியாச்சு, இறங்கலை. ஒரு டாக்சிக்காரர் தன்னைத்தான் கூப்பிடறாங்கன்னு ஓரம் கட்டி நிறுத்தினார். அவருக்குத் தலையாட்டி 'இல்லை'ன்னுட்டு, தெருமுனை வரைக்கும் போய், திரும்பி வந்தா.

"இதுதான்."

அத்தானுக்கு ஒண்ணும் ஓடலை. "இதுவா? சத்தம் அதிகம்னு ரெண்டு மதிப்பெண் குறைச்சிருக்கேனே."

"அந்த ரெண்டை நான் போடறேன். நீங்க பாட்டுக்குக் கண்ணுக்குத் தெரியாத காட்டுக்குள்ள உருண்டு வருவீங்க. நான் கீழ நின்னு கையைப் பிசைஞ்சுக்கிட்டு நிக்கணுமா? சத்தம் கேட்டா உருண்டுட்டு இருக்கீங்கன்னு அர்த்தம். எனக்கு அது போதும்."

கடைக்காரர் முதல் தடவையா யோசிக்காம பேசினார். "நல்ல குடம்தாம்மா. உள்பல்லு இரும்பு, கனம் ஜாஸ்தி. ஆனா நான் கட்டிக் குடுத்ததுல இதுவரைக்கும் ஒண்ணுகூட உடைஞ்சு திரும்பி வரலை. பேரிங் தேஞ்சா எங்கயும் கிடைக்கும்." ஏழு மாசம் நோட்டால முடியாததை எங்கக்கா காது ஏழு நிமிஷத்துல முடிச்சுடுச்சு.

சக்கரம் தயாராச்சு. அந்த மாசக் கடைசியில மலையில பந்தயம். நாப்பது வயசு தாண்டினவங்க பிரிவுல மொத்தம் ஆறு பேர். நான் கடையைச் சாத்திட்டு, வாடிக்கைக்காரங்க நாலு பேர்கிட்ட "எங்க அத்தான் பந்தயம்"னு பீத்திட்டுக் கிளம்பினேன். அக்கா மலைக்கு வர்றது அதுதான் முதல் தடவை.

பாதை காட்டுக்குள்ள இறங்கி வந்து, கடைசியில ஒரு சமதளத்துல நூறு மீட்டர் ஓடும். அதுலயும் முக்கால்வாசி புதர் மறைச்சிருக்கும், வளைவு தாண்டினாதான் ஆள் தெரியும். அந்த வளைவுக்குக் கீழ கயிறு கட்டியிருந்த இடத்துல நாங்க நின்னோம். மேல ஊதல் ஊதினாங்க. கொஞ்ச நேரத்துல மரங்களுக்கு நடுவுல இருந்து வந்துச்சு பாருங்க, 'கரகரகரகர'ன்னு. நாலு பேர் திரும்பிப் பாத்தாங்க. அக்கா கை தானா மேல போச்சு. முகத்துல ஒரு சிரிப்பு. "எங்க வீட்டுக்காரர்"னு பக்கத்துல நின்ன அம்மாகிட்ட சொல்லிக்கிட்டா. சத்தம் பாறைப் பக்கம் இறங்குது, வேர்ப் பக்கம் இறங்குது, கிட்ட வருது.

திடீர்னு நின்னுபோச்சு.

அக்கா கை இறங்குச்சு. முகம் பேயறைஞ்ச மாதிரி வெளுத்துப்போச்சு. "டேய், நின்னுடுச்சுடா"ன்னா. நான் வாயைத் திறக்கறதுக்குள்ள கயிறுக்கு அடியில குனிஞ்சு, கைப்பையோட, செருப்பு ஒண்ணு பின்னாடி பறக்க, பாதையில மேல ஓட ஆரம்பிச்சுட்டா. "அம்மா, வெளிய வாங்க!"ன்னு கொடி பிடிச்சவர் கத்துறார். அவளுக்கா காது கேக்கப் போகுது?

வளைவுல இருந்து வந்தார் அத்தான். முழு உருவமா, முழு வேகத்துல, ஹெல்மெட்டுக்குள்ள பல்லைக் காட்டிக்கிட்டு, வெறி பிடிச்ச மாதிரி மிதிச்சுக்கிட்டு. இத்தனை நாளும் அந்தக் கடைசி நூறு மீட்டரை மிதிக்காம உருண்டு மட்டும் வந்த மனுசன், பெண்டாட்டி பாக்குறாளேன்னு அன்னிக்குத்தான் சீன் போட ஆசைப்பட்டிருக்கார். பாதை நடுவுல பெண்டாட்டியே நிக்கிறா. அவர் ஒடிச்ச ஒடியில சைக்கிளோட போய்ப் புதர்ல விழுந்தார்.

நான் ஓடிப் போய்ப் பாத்தா, அத்தான் மல்லாந்து கிடக்குறார். சைக்கிள் தலைகீழா கிடக்குது. பின்சக்கரம் மட்டும் ஒண்ணுமே நடக்காத மாதிரி ஆகாசத்தைப் பாத்து 'கரகரகர'ன்னு சுத்திக்கிட்டிருக்கு. அக்கா அவர் பக்கத்துல மண்ணுல உக்காந்து, தோள்ல ரெண்டு வெச்சா. அப்புறம் அங்கயே அழுதா.

"சத்தம் நின்னுடுச்சுங்க. உங்களுக்கு என்னமோ ஆயிடுச்சுன்னு... என் உசுரே போயிடுச்சு."

"மிதிச்சேம்மா. மிதிச்சா கொக்கி பல்லைக் கவ்விக்கும். அப்ப சத்தம் வராது. சும்மா உருளும்போதுதான் வரும்."

"இதை ஏன் முன்னாடியே சொல்லலை? ஏழு மாசம் அந்த நோட்டுல எழுதினீங்களே, இதை எழுதலையா?"

"எழுதியிருக்கேன். நாப்பத்தொண்ணாம் பக்கம்."

இன்னும் ரெண்டு விழுந்துச்சு.

முட்டியில சிராய்ப்பு, வேற ஒண்ணுமில்லை. ஆனா சத்தியம்னு ஒண்ணு இருக்கே? சைக்கிளை உருட்டிக்கிட்டு நாங்க மூணு பேரும் இறங்கும்போது அத்தான் முகத்துல ஈயாடலை. நான்தான் பஞ்சாயத்து பண்ணினேன். "அக்கா, நீ என்ன சொன்னே? சக்கரம் தள்ளினாத்தானே இரும்புக் கடை? இன்னிக்குச் சக்கரம் தள்ளலை, நீதான் தள்ளினே. அப்படின்னா உன்னைத்தான் இரும்புக் கடையில போடணும்." அக்கா மூக்கை உறிஞ்சுக்கிட்டே யோசிச்சா. அப்புறம் அத்தான் சட்டையில ஒட்டியிருந்த முள்ளை ஒவ்வொண்ணா எடுத்துக்கிட்டே, "சரி, சைக்கிள் இருக்கட்டும்"னா.

அதுக்கப்புறம் மூணு பந்தயம் ஆயிடுச்சு. குடம் இரும்பு மாதிரி இருக்கு, ஒரு கம்பி தளரலை. அத்தான் பாறைப் பக்கம் பாதிப் பேரை முந்திக்கிட்டு வர்றார், நேரத்தைப் பலகையில எழுதிப் போடறாங்க, ரெண்டாவது, மூணாவதுன்னு. அப்புறம் அந்த நூறு மீட்டர் வருது. எல்லாரும் நாக்குத் தள்ள மிதிக்கிற இடம். அங்க எங்க அத்தான் மட்டும் மாப்பிள்ளை ஊர்வலம் மாதிரி, காலை ஆட்டாம, 'கரகரகர'ன்னு உருண்டு வர்றார். ஆறு பேர்ல ஆறாவது. மூணு தடவையும்.

மூணாவது தடவை எனக்குப் பொறுக்கலை. கடையில வர்றவன் போறவன்கிட்டயெல்லாம் சொல்லி வெச்சிருக்கேன், என் மானம் என்ன ஆகறது? முடிஞ்சதும் நேரா அவர்கிட்ட போனேன். பெட்டிக்கடை முன்னாடி இருந்த ஸ்டூல்ல உக்காந்து தண்ணி குடிச்சுக்கிட்டிருந்தார்.

"அத்தான், கால்ல என்ன சுளுக்கா? ஒரு இருபது மிதி மிதிச்சிருந்தா கோப்பை நம்ம கையில! அந்த ஓட்டைக் குடம் இன்னும் எத்தனை நாள் அலமாரியில இருக்கணும்?"

"மிதிச்சா சத்தம் நின்னுடும் மாப்ளே."

"நின்னா நிக்கட்டுமே! அதான் அக்காவுக்கு இப்ப எல்லாம் தெரியுமே. மிதிக்கும்போது சத்தம் வராதுன்னு அவளே ஊருக்கெல்லாம் பாடம் எடுக்குறா!"

அத்தான் கயிறு கட்டியிருந்த பக்கம் பாத்தார். அக்கா அங்க நின்னு, பக்கத்துல இருந்த அம்மாகிட்ட எதையோ சொல்லிச் சிரிச்சுக்கிட்டிருந்தா.

"தெரியும்தான்"னார். "ஆனா, தூக்கின கை இறங்கிடுதே மாப்ளே."